இரண்டு விரல் ஆழம்

"கடதாசி வரும் வரைக்கும்தான், சிவமணி. வந்த பிறகு உன்ரை பிள்ளை உன்னட்டை."

"விளங்குது மச்சாள்."

"எங்கடை மகள் எண்டு எழுதித்தானே கூட்டிக்கொண்டு வந்தது. விசாரணையிலை அவள் உன்னைக் காட்டி அம்மா எண்டு சொன்னால் எல்லாற்றை கேசும் போச்சு."

"அப்ப என்னை என்னெண்டு கூப்பிடுவாள்?"

"மாமி எண்டு. கொழும்பிலையே சொல்லிக் குடுத்திட்டன். தம்பியின்ரை பெண்சாதி மாமிதானே. முறையிலையும் பிழை இல்லை."

1986 மார்ச் மாதம், லா சப்பலில் ஒரு தரைத்தள வீட்டின் சமையலறையில் நடந்த பேச்சு அது. தில்லைநாயகி சிவமணியின் கணவனுக்கு அக்கா. முதல் நாள்தான் கணவர் தவரத்தினத்தோடும் கௌரியோடும் பாரிசில் வந்து இறங்கியிருந்தாள். பக்கத்து அறையில், மூன்று கோட்டுகளை விரித்துப் போட்ட படுக்கையில் கௌரி தூங்கிக்கொண்டிருந்தாள். சிவமணி அவளைக் கடைசியாகப் பார்த்தபோது மூன்று வயது நிரம்பவில்லை. ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று மச்சாளின் கையில் கொடுத்துவிட்டுக் கணவனைத் தேடி வந்தவள். இப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று இருந்தது. அந்த அம்மை எப்போது வந்தது, எத்தனை நாள் காய்ச்சல் அடித்தது என்று தில்லைநாயகிதான் சொல்ல வேண்டியிருந்தது.

அகதி விசாரணையின்போது சிவமணியும் அதிகாரியிடம், "கணவருடைய அக்காவின் மகள்" என்றுதான் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டார். தன் வாயால் சொன்னதை எப்படித் திருப்பிச் சொல்வது என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை.

அகதிக் கடதாசி 1987 அக்டோபரில் வந்துவிட்டது. தில்லைநாயகி சவ்வரிசிப் பாயசம் காய்ச்சி வீடு முழுக்கக் கொடுத்தாள். கௌரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிவமணியும் பாயசத்தைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். தீபாவளி முடியட்டும் என்று நினைத்தாள். பிறகு பிள்ளைக்கு இருமல் வந்தது. பிறகு, ஆறாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு பிள்ளையைக் கேட்பது எப்படி என்று நினைத்தாள். பிப்ரவரியில் ரூ பஜோல் தெருவில் இரண்டு அறை உள்ள வீடு கிடைத்தது. அதன்பின் சொல்லிக்கொள்ள அவளுக்குக் காரணம் ஏதும் மிஞ்சவில்லை. ஆனாலும் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதிலாகத் தினமும் வந்தாள். அத்தெலியே எனும் தையல் பட்டறையில் வேலை மூன்றரைக்கு முடியும். கௌரி பள்ளிக்கூடத்திலிருந்து வருவது நாலே முக்கால். நடுவில் இருக்கும் நேரத்துக்கு ஒரு சாட்டு வேண்டுமே. அது அந்த வீட்டின் பின்முற்றத்தில் இருந்தது.

வீடு செசிலுடையது. நாற்பது வயது, பாண்டிச்சேரிக்காரி, ஆஸ்பத்திரியில் தாதி. தனியாக இருப்பவள் இரண்டு அறைகளைத் தில்லைநாயகிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பின்முற்றத்தில் தெற்கு வெயில் விழும் சுவரோரமாக நான்கு பிவ்வான் செடிகள் இருந்தன, கிழங்கிலிருந்து ஒவ்வொரு வருடமும் முளைத்துப் பூப்பவை. முன்பு அங்கே இருந்தவர்கள் நட்டுவிட்டுப் போனவை. இவர்கள் வந்த வருடம் மே மாதம் அவை பூத்தன. ஒரு பூ இரண்டு கை கொள்ளாது. வெளிறிய ரோஜா நிறம், மடித்து மடித்து அடுக்கிய மெல்லிய துணி போல இதழ்கள். மழை பெய்தால் பாரம் தாங்காமல் தண்டு தரையில் சாய்ந்துவிடும். அதைக் கண்டு செசிலும் சந்தோஷப்பட்டாள், ஆனால் தண்ணீர் ஊற்ற அவளுக்கு நேரமில்லை. "நீங்களே பாத்துக்குங்கம்மா" என்றாள்.

சிவமணியும் தில்லைநாயகியும் பார்த்துக்கொண்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் தண்டுகள் பழுப்பாகிச் சாய்ந்தபோது, மண்ணுக்குச் சற்றுக் கீழே சிவப்பு முளைகள் கண் போலத் தெரிந்தன. இருவருக்கும் மனம் கேட்கவில்லை. பனி வந்தால் கிழங்கு விறைத்துப் போகுமே என்று பயந்தார்கள். இராசவள்ளிக் கிழங்குக்குத் தோண்டுவது போல முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, கடையில் வாங்கிய மாட்டெருவைப் பை பையாகக் கொட்டி, நான்கையும் கீழே இறக்கி, மேலே மண்ணை அணைத்து, அதன் மேல் வைக்கோலும் பழைய கம்பளியும் போர்த்தினார்கள். தில்லைநாயகி கம்பளியின் ஓரத்தைச் செருகிவிட்டாள், பிள்ளைக்குச் செருகுவது போல.

அடுத்த மே மாதம் ஒரு பூவும் இல்லை. ஒரு செடி முளைக்கவே இல்லை. மற்ற மூன்றும் நாலைந்து இலைகளோடு நின்றுவிட்டன.

"ரெண்டு பேரும் சேர்ந்து அதை அடக்கம் பண்ணிட்டீங்க," என்றாள் செசில். "பூசைக்குச் சாமியாரை மட்டும்தான் கூப்பிடலை."

சிவமணி அந்தச் செப்டெம்பரில் ஆற்றங்கரைப் பூச்சந்தைக்குப் போய், கடைக்காரியிடம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். அவள் சிரித்து, சிவமணியின் கையைப் பிடித்து இரண்டு விரல்களை மடக்காமல் நிமிர்த்திக் காட்டினாள். அவ்வளவுதான் ஆழம். அதற்குக் குளிர் வேண்டும், குளிர் இல்லாமல் அது பூக்காது. எருவைக் கிழங்கின் தலையில் படவிடக் கூடாது. ஒருமுறை இடம் மாற்றினால் இரண்டு மூன்று வருடம் கோபித்துக்கொண்டு பூக்காமல் இருக்கும்.

சிவமணி செசில் வீட்டு முற்றத்துக்கு வந்து மூன்றையும் தோண்டி எடுத்தாள். அழுகிய பாகங்களைக் கத்தியால் சீவினாள். கழுவி, நிழலில் ஒரு நாள் வைத்து, முளைகள் மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் இருக்கும்படி அளந்து நட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் போர்வை இல்லை. ஜனவரியில் மண் இறுகிக் கல்லானபோது தில்லைநாயகி சன்னலால் பார்த்து, "பாவமடி" என்றாள்.

இப்போது 1988 மே. மூன்றில் ஒரு செடியில் மட்டும் மூன்று மொட்டுகள், சிறு நெல்லிக்காய் அளவில், இறுக மூடியபடி நின்றன. இப்படிச் சிறிதாக வருபவை விரியாமலே காய்ந்துவிடவும் கூடும். சிவமணி தினமும் குனிந்து பார்த்தாள்.

அது புதன்கிழமை, அங்கே பள்ளிக்கூடம் இல்லாத நாள். அத்தெலியேயில் துணி வரவில்லையென்று சிவமணிக்கும் பகலில் ஓய்வு. அவள் வந்தபோது தில்லைநாயகி மொட்டுகளின் மேல் மஞ்சள்தூள் தூவிக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சாள் செய்யிறியள்?"

"எறும்பு மொய்க்குது, காணேல்லையே?"

"எறும்பு ஒண்டும் செய்யாது. மொட்டிலை ஊறுற தேனுக்கு வருது. குடிச்சிட்டுப் போயிடும்."

"ஓம், நீ பெரிய விவசாய அதிகாரி. நாலிலை ஒண்டைச் சாக்காட்டினனி."

"ரெண்டு பேரும் சேந்துதான் சாக்காட்டினம்."

தில்லைநாயகி சிரித்துவிட்டாள். கௌரி இருவருக்கும் நடுவில் புகுந்து, முழங்காலில் கை ஊன்றி மொட்டைப் பார்த்தாள். "ரெகார்த், பாருங்கோ மாமி. இந்த எறும்புக்கு மூஞ்சியெல்லாம் மஞ்சள்."

சிவமணி தன் முந்தானை நுனியை நனைத்து மொட்டைத் துடைத்தாள். பிள்ளையின் மூச்சு அவள் கையில் பட்டது. இந்த அளவுக்குக் கிட்ட வருவது செடியால்தான்.

"மாமி," என்றாள் கௌரி, மொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பள்ளிக்கூடத்திலை குடும்பப் படம் கீறச் சொன்னவை. நான் உங்களையும் மாமாவையும் கீறினனான். படிப்பிக்கிற மேத்ரெஸ் கேட்டவ, இவைக்குப் பிள்ளை இல்லையோ எண்டு. உங்களுக்குப் பிள்ளை இல்லையோ?"

"இருக்கு," என்றாள் சிவமணி. நினைத்துச் சொல்லவில்லை.

"எங்கை?"

"கௌரி, உள்ளை போய்க் கையைக் கழுவு," என்றாள் தில்லைநாயகி. "மஞ்சள் கண்ணிலை பட்டால் எரியும். போ கெதியா."

பிள்ளை போனாள். மேலே மெட்ரோ பாலத்தில் வண்டி ஒன்று போனது. பிறகு தில்லைநாயகி மஞ்சள் டப்பாவை மூடி, "சோறு வச்சிருக்கிறன், சாப்பிட்டிட்டுப் போ," என்றாள். சிவமணி சாப்பிட்டாள். கௌரியின் தட்டில் மீனை முள் எடுத்து வைத்தது தில்லைநாயகி. எந்தப் பக்கத்தில் முள் அதிகம் என்று பார்க்காமலே அவள் விரலுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை செசில்தான் அதைச் சொன்னாள். வேலையிலிருந்து வந்து, காலணியைக் கழற்றி, முற்றத்துப் படியில் காலை நீட்டியபடி.

"உனக்கு யாராவது தெரிஞ்சவங்க இருந்தா சொல்லு சிவமணி. ரெண்டு ரூமும் ஜூன் கடைசியில காலியாகுது. நல்ல ஆளா இருக்கணும். குடிக்கிறவங்க வேணாம்."

"ஆர் போகினம்?"

செசில் நிமிர்ந்து பார்த்தாள். "மோந்தியே, கடவுளே, உனக்குத் தெரியாதா? தவரத்தினத்தோட அண்ணன் கனடாவுலேந்து கூப்பிட்டிருக்காரு. விசா வந்திடுச்சு. மூணு பேருக்கும்."

சிவமணி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். அது சாய்ந்து, தண்ணீர் முற்றத்துக் கல்லில் ஓடியது.

"உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே," என்றாள் செசில் மெதுவாக. "நான் தாதி. தாயையும் பிள்ளையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா தெரியாதா எனக்கு? காது ரெண்டும் ஒண்ணு. நான் யார்கிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். ஆனா நீ ஏன் சொல்ல மாட்டேங்கிறே?"

அதற்குச் சிவமணியிடம் பதில் இருந்தது. இல்லை என்று மச்சாள் சொல்லிவிட்டால், போய் முறையிட ஓர் இடம் இல்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் யாழ்ப்பாணத்தில், இடிந்த வீட்டில், ஒரு ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. இருந்ததோ இல்லையோ. இங்கே இருக்கும் ஒவ்வொரு கடதாசியிலும் அவள் மாமிதான். கேட்காதிருக்கும் வரை, கேட்டால் கிடைக்கும் என்றாவது நினைத்துக்கொள்ளலாம். அதைச் செசிலிடம் சொல்லாமல், சாய்ந்த குவளையை நிமிர்த்தி வைத்தாள். வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவன் ஸ்ரீஸ்கந்தராசா ரெஸ்டோரண்ட் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டினான்.

"மச்சாளாக்கள் கனடா போகினமாம். உங்களுக்குத் தெரியுமோ?"

கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். "பத்து நாளாத் தெரியும்."

"என்னட்டைச் சொல்லேல்லை."

"சொன்னால் நீர் அழுவீர்."

"நான் இப்ப அழேல்லை. கௌரி?"

"அவளின்ரை பேரும் விசாவிலை இருக்கு."

"அது எங்கடை பிள்ளை."

"ஆர் இல்லையெண்டது?" அவன் தலையைக் கையால் கோதினான். "அம்மா சாகேக்கை எனக்கு ஒன்பது வயசு. அக்கா என்னை வளர்த்து ஆளாக்கிப்போட்டு முப்பத்தாறு வயசிலைதான் கலியாணம் கட்டினவ. பிள்ளை இல்லாமல் போனதுக்கு அதுதான் காரணம் எண்டு சனம் என்ரை முகத்துக்கு நேரை சொல்லியிருக்கு. ஷெல் விழேக்கை கௌரியை வயித்துக்குக் கீழை வச்சுக்கொண்டு கவிண்டு படுத்தவ. அவவிட்டைப் போய் நான் எந்த வாயாலை கேக்கிறது?"

"என்ரை வாயாலை நான் கேக்கிறன்."

"எங்களுக்கு இன்னொண்டு பிறக்காதெண்டு இல்லை, சிவமணி."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து கோட்டை எடுத்தான்.

"கேளும்," என்றான் கதவடியில் நின்று. "கேக்க வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பக்கத்திலை நிக்க என்னாலை ஏலாது."

அவன் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியில் ஒருமுறை நின்றது. திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவள் கௌரியை மனதில் வைத்து இரண்டு பக்கமும் வாதாடினாள். பிள்ளை காய்ச்சலில் யாரைத் தேடுவாள்? தில்லைநாயகியைத்தான். இருட்டில் பயந்தால் யார் பெயரைச் சொல்லுவாள்? அம்மா என்றுதான், அந்த அம்மா சிவமணி இல்லை. பிடுங்கி எடுத்தால் எத்தனை வருடம் தன்னோடு பேசாமல் இருப்பாளோ. இது எல்லாம் உண்மை. ஆனால் கனடா என்பது லா சப்பல் இல்லை. சாட்டுச் சொல்லிக்கொண்டு நாலே முக்காலுக்குப் போய் நிற்க முடியாது. கன்னத்தில் அடுத்த தழும்பு வந்தால், அதையும் யாரிடமோ கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவள் போனபோது தவரத்தினம் கௌரியைச் சப்பாத்து வாங்கக் கூட்டிப் போயிருந்தார். செசில் தேவாலயப் பூசைக்குப் போயிருந்தாள். முற்றத்தில் தில்லைநாயகி மட்டும், கையில் மண்வெட்டியோடு மொட்டு வைத்த செடியின் பக்கத்தில் நின்றாள். மண்ணில் ஒரு வெட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது.

சிவமணி ஓடிப்போய் மண்வெட்டியின் பிடியைப் பற்றினாள். "என்ன மச்சாள் இது?"

"ஒரு கிழங்கு எடுப்பமெண்டு." தில்லைநாயகி பிடியை விடவில்லை. "செசில் சொல்லியிருப்பா. நாங்கள் போறம். அங்கை இதைவிடக் குளிராம். நல்லா வரும்தானே? நீ சொன்னனிதானே, குளிர் வேணுமெண்டு."

"இப்ப தோண்டக் கூடாது. மொட்டோடை இருக்கு. வேர் அறுந்தால் அதுவும் சாகும், நீங்கள் கொண்டுபோறதும் சாகும். செப்டெம்பரிலைதான் எடுக்கலாம்."

"செப்டெம்பரிலை நான் இஞ்சை இல்லையே."

"நான் எடுத்து அனுப்புறன்."

"அனுப்பினால் விடுவாங்களோ தெரியாது." அவள் மண்வெட்டியை விட்டுவிட்டாள். முற்றத்துப் படியில் உட்கார்ந்து, சேலையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். நிறுத்தாமல் பேசினாள். அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடமாம். இங்கிலீஷ் ஆறு மாதத்தில் வந்துவிடுமாம். கௌரிக்கு விமானத்தில் சன்னல் பக்கம் வேண்டுமாம். தவரத்தினத்தின் அண்ணன் வீட்டில் பனிக்குள் விளையாட இடம் இருக்கிறதாம். ஒவ்வொன்றாகச் சொல்லி, இடைவெளி விழாமல் அடுத்ததைச் சொன்னாள். பிள்ளை தனியாகத் தூங்க மாட்டாள், புதிய இடமென்றால் ஒரு வாரம் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுக்க வேண்டும், அதற்கும் தான் ஒரு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னாள்.

சிவமணி மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள். வெட்டு விழுந்த இடத்தில் மண்ணைக் கையால் தள்ளி மூடி அழுத்தினாள். மச்சாள் ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தினால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். இதே பயத்தில்தான் தானும் ஏழு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"நீ அவளுக்கு ஒரு சட்டை தைச்சுத் தருவியே?" என்றாள் தில்லைநாயகி. "விமானத்துக்குப் போட. நீ தைச்ச சட்டையோடைதான் கூட்டிக்கொண்டு போகவேணுமெண்டு நினைச்சன். மடிப்பிலை நல்லாத் துணி விட்டுத் தை. வளருற பிள்ளை. ரெண்டு வருசத்துக்காவது அவிட்டு அவிட்டு நீட்டலாம்."

தெருப்பக்கக் கதவுக்கு வெளியே, புதிய சப்பாத்தைக் கல்லில் தட்டித் தட்டி நடந்து வரும் சத்தமும், தவரத்தினம் "பாத்து, பாத்து" என்று சொல்வதும் கேட்டன. இன்னும் அரை நிமிடத்தில் கதவு திறக்கும்.

சிவமணி மண் ஒட்டிய கையோடு வந்து, படியில் மச்சாளுக்குக் கீழே, கல்லிலேயே உட்கார்ந்தாள். அவளுடைய கையைப் பிடித்தாள்.

"மச்சாள்," என்றாள். "என்ரை ரெண்டு பேரையும் வளர்த்தது நீங்கள்தான், அவரையும் அவளையும். நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். உங்களை அவள் அம்மா எண்டு கூப்பிடுறதை நிப்பாட்டவும் சொல்ல மாட்டன். ஆனால் அவளைக் கொண்டுபோகாதேங்கோ. என்ரை பிள்ளையை என்னட்டைத் தந்திட்டுப் போங்கோ."